காணாமல் போன சுருளும் 267-ஆம் பாட்டும்

வாசகர் கேள்வி - பதில்

பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழு இத்தாலியின் பாம்பெய் இடிபாடுகளில் வாசித்த கச்சேரிப் படம் 2025 ஏப்ரலில் மறுபடியும் தியேட்டருக்கு வந்ததைப் பற்றிப் போன மாதம் இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். ‘அசலுக்கு உண்மையாகப் புதுப்பித்திருக்கிறார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது’ என்று முடித்திருந்தேன். அதென்ன அசல், எதற்கு உண்மை என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. என் மனதுக்கு நெருக்கமான விஷயம். அதனால் இந்த மாதம் முழுக்க இதுதான்.

நான் இந்தப் படத்தை 2003-இல் வந்த டிவிடியில் பார்த்தவன். அதில் விண்வெளி, கோள்கள் எல்லாம் வரும். இப்போது வந்ததில் அவை இல்லை. இயக்குநரே சேர்த்ததை எடுத்துவிட்டு ‘அசல்’ என்று சொல்வது நியாயமா?
*வேலூரிலிருந்து ஒரு வாசகர்*

படத்தைப் பார்க்காதவர்களுக்காக முதலில் கொஞ்சம் கதை சொல்லிவிடுகிறேன். 1971 கோடையில் ஏட்ரியன் மேபன் என்ற இளம் இயக்குநர் இத்தாலிக்குச் சுற்றுலா போயிருந்தார். பாம்பெய் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் பாஸ்போர்ட் தொலைந்தது தெரிந்தது. தேடிக்கொண்டு அந்தி நேரத்தில் தனியாக உள்ளே திரும்பிப் போனார். கி.மு. 70 வாக்கில் கட்டிய கல் அரங்கம் அது, கி.பி. 79-இல் வெசுவியஸ் கக்கிய சாம்பலில் ஊரோடு புதைந்து, பல நூற்றாண்டு கழித்துத் தோண்டி எடுக்கப்பட்டது. படிக்கட்டு முழுக்கக் காலி, மனித அரவமே இல்லை. அங்கே நின்றபோதுதான் அவருக்கு யோசனை வந்தது: ஒரு ரசிகர்கூட இல்லாத கச்சேரி. லட்சம் பேர் கூடிய இசை விழாக்களைப் படமாக்குவது மோஸ்தராக இருந்த நேரத்தில் இப்படி ஒரு எண்ணம்.

அக்டோபரில் படப்பிடிப்பு. வாயசைத்து நடிக்க மாட்டோம், அங்கேயே நிஜமாக வாசிப்போம் என்பது குழுவின் நிபந்தனை. அதனால் முழுச் சாமான்களும் லண்டனிலிருந்து லாரியில் வந்தன. வந்து இறங்கினால் மின்சாரம் போதவில்லை. ஊருக்குள்ளிருந்து தெருத் தெருவாக நீளக் கேபிள் இழுத்துத்தான் வேலையைத் தொடங்க முடிந்தது, அதற்குள் சில நாள் வீண். மிச்சமிருந்த நாட்களில் மூன்று பாட்டுதான் அரங்கத்தில் எடுத்தார்கள், மற்றவை பாரிஸ் ஸ்டுடியோவில் எடுத்தவை. 1972 செப்டம்பரில் எடின்பரோ விழாவில் காட்டியபோது படம் 60 நிமிடம். பிறகு, லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் குழு அடுத்த ஆல்பத்துக்கு உழைத்துக்கொண்டிருக்கும் காட்சிகளைச் சேர்த்து, 1974-இல் 80 நிமிடமாக வெளியிட்டார்கள். நீங்கள் பார்த்த டிவிடி, அதற்கும் முப்பது வருடம் கழித்து இயக்குநரே திருத்திய வடிவம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தன் படத்தைத் திரும்ப வெட்ட இயக்குநருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அது புதுப் படம். 1972-இல் வந்த படத்தின் உயிரே அந்த வெறுமைதான். கேமரா மெதுவாக நகர்ந்து நகர்ந்து, காலிப் படிகளையும் ஒலிபெருக்கிப் பெட்டிகளின் முதுகையும் காட்டிக்கொண்டே நாலு பேரை நோக்கி வரும்போது நமக்குள் ஏதோ அடங்கிப் போகிறது. அந்த வெறுமையில் கணினியில் செய்த கோள்களைக் கொண்டுவந்து நிரப்பினால், எதற்காக அந்த இடத்தைத் தேடிப் போனாரோ அதுவே மூடிப் போய்விடுகிறது. டிவிடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது தனியாக இருக்கட்டும். 2003 வடிவம் கிடைக்கிறதே என்று 1972 வடிவத்தைக் கிடங்கில் போட்டுவிடக் கூடாது என்பதுதான் என் பேச்சு. பல இசைப் படங்களுக்கு இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. இயக்குநரின் வடிவம் என்று நீளமான ஒன்று வந்ததும், மக்கள் தியேட்டரில் பார்த்து ஒரு தலைமுறையே பேசிய வடிவம் கடைகளில் இல்லாமல் போய்விடும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். புது வெளியீட்டின் தலைப்பில் 1972 என்பதை ரோமன் எண்ணில் போட்டிருக்கிறார்கள், ஆனால் அபே ரோடு காட்சிகளும் உள்ளே இருக்கின்றன. ஆக எடின்பரோவில் முதன்முதலாகக் காட்டிய 60 நிமிடப் படம் இது இல்லை, தியேட்டர்களில் ஓடிய பெரிய வடிவத்துக்குத்தான் நெருக்கம். ‘அசல்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘எந்த வருடத்து’ என்ற சொல்லையும் சேர்த்துக் கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

நெகட்டிவ் கிடைத்தது, நெகட்டிவ் கிடைத்தது என்று ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? நல்ல டிவிடி ஒன்றை எடுத்து ஏஐ-யில் போட்டால் 4கே ஆகிவிடாதா?
*திருநெல்வேலியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்*

ஆகாது தம்பி. அளவு பெரிதாகும், அவ்வளவுதான்.

ஃபிலிம் காலத்தில் கேமராவுக்குள் ஓடிய நெகட்டிவையே வெட்டி ஒட்டித்தான் மூலப் படம் தயாராகும். அதிலிருந்து ஒரு பாசிட்டிவ், அதிலிருந்து இன்னொரு நெகட்டிவ், அதிலிருந்துதான் தியேட்டருக்குப் போகும் பிரிண்ட். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து அதையும் ஜெராக்ஸ் எடுத்தால் என்ன ஆகுமோ அதுதான். ஒவ்வொரு படியிலும் நுணுக்கம் குறையும், கறுப்பு சாம்பலாகும், வெள்ளை வெளுத்துப் போகும். உங்கள் டிவிடி பெரும்பாலும் இந்த வரிசையில் மூன்றாவது நாலாவது பிள்ளையிலிருந்து எடுத்ததாக இருக்கும். போதாக்குறைக்கு அந்தக் காலத்து வண்ணப் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் மற்றதைவிட வேகமாக மங்கும், படமே ரோஜா நிறத்துக்குப் போய்விடும். சென்னையில் ஒரு ஃபிலிம் சொசைட்டி திரையிடலில் இப்படி ஒரு பிரிண்டைப் பார்த்திருக்கிறேன். வானம், புல், மனிதர் எல்லாம் ஒரே சிவப்பு. பக்கத்தில் இருந்த ஒருவர் அது இயக்குநரின் கலைநோக்கு என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்தப் பிரதியை ஏஐ-யிடம் கொடுத்தால் அதில் இல்லாத விவரத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்? ஆயிரக்கணக்கான வேறு படங்களில் பார்த்ததை வைத்து, இங்கே ஒரு தோல் மடிப்பு இருந்திருக்கும், அங்கே முடி இழை இருந்திருக்கும் என்று ஊகித்துப் போடும். பார்க்கக் கூர்மையாக இருக்கும். ஆனால் அது குழுவின் கிட்டார்க்காரர் டேவிட் கில்மோரின் கை இல்லை, யாரோ ஒருவருடைய கை.

பாம்பெய் விஷயத்தில் நடந்தது இது: குழுவின் படப் புதுப்பித்தலைக் கவனிக்கும் லானா டோப்பம் 1994-லிருந்தே இந்தப் படச்சுருள்களைத் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் குழுவின் சொந்தக் கிடங்கிலேயே, சரியான பெயர்ச்சீட்டு இல்லாத ஐந்து டப்பாக்களில் 1972-இன் வெட்டி ஒட்டிய மூல 35 மிமீ நெகட்டிவ் இருந்தது. முப்பது வருடத் தேடல், கிடைத்தது சொந்த வீட்டுப் பரணில்! டப்பாவின் மேல் பெயர் எழுதி வைக்காததற்கு இந்த உலகம் எவ்வளவு விலை கொடுக்கிறது என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. அதை 4கே-யில் ஸ்கேன் செய்து, பிரேம் பிரேமாகக் கையால் சுத்தம் செய்தார்கள். 80 நிமிடப் படம் என்றால் விநாடிக்கு 24 பிரேம் கணக்கில் 1,15,200 படங்கள். இதற்கெல்லாம் எவ்வளவு நாள் ஆகும் என்று இன்னொரு வாசகரும் கேட்டிருக்கிறார், இந்த எண்ணே அவருக்கும் பதில்.

நெகட்டிவ் சேதமாகியிருந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ உள்ளிட்ட மூன்று அபு படங்களின் நெகட்டிவ்கள் 1993-இல் லண்டன் லேப் ஒன்றில் பிடித்த தீயில் கருகின. அந்தக் கரிந்த சுருள்களை யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். இருபது வருடம் கழித்து இத்தாலியின் பொலோனா நகரத்தில் அவற்றுக்கு ஈரப்பதம் ஏற்றி, ஒட்டிக்கொண்டிருந்த சுற்றுகளைப் பிரித்து, ஓரத் துளைகளைக் கையால் சரிசெய்து, ‘பதேர் பாஞ்சாலி’யில் சுமார் 40 சதவீதத்தை அந்த நெகட்டிவிலிருந்தே மீட்டார்கள். முடியாத இடங்களுக்கு வேறு காப்பகங்களில் இருந்த நல்ல பிரதிகளைத் தேடி எடுத்துக்கொண்டார்கள். ஊகம் செய்யவில்லை, தேடினார்கள்.

ஒரு பாட்டு முழுக்க டிரம்ஸ் வாசிப்பவரையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள். மற்ற மூவரும் என்ன ஆனார்கள்? இவ்வளவு செலவு செய்து புதுப்பிக்கும்போது அதைச் சரிசெய்திருக்கலாமே.
*சேலத்திலிருந்து ஒரு வாசகி*

வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான் அம்மா. நீங்கள் சொல்வது ‘ஒன் ஆஃப் தீஸ் டேஸ்’ பாட்டு. அதில் பெரும்பாலும் நிக் மேசன்தான் தெரிவார், நடுவில் கையிலிருந்து ஒரு குச்சி பறந்துபோய், இன்னொன்றை எடுத்து விடாமல் அடிப்பார். மற்றவர்களைப் படம்பிடித்த சுருள்கள் அப்போதே காணாமல் போய்விட்டன. கையில் இருந்ததை வைத்துத் தொகுத்தார்கள். வேறு வழியில்லாமல் செய்தது. ஆனால் ஐம்பது வருடமாக அந்தப் பாட்டு உலகத்துக்கு அப்படித்தான் தெரியும். டிரம்ஸ் கற்றுக்கொள்ளும் எத்தனையோ பேருக்கு அந்த ஆறு நிமிடம் பாடப் புத்தகம் மாதிரி ஆகிவிட்டது.

இன்றைக்கு நினைத்தால் மற்ற மூவரையும் கணினியில் உருவாக்கிச் சேர்க்க முடியும். சேர்க்கலாமா?

உ.வே. சாமிநாதையரை நினைத்துக்கொள்ளுங்கள். 1894-இல் அவர் புறநானூற்றைப் பதிப்பித்தார். நானூறு பாட்டு என்று பெயர். ஆனால் 267-உம் 268-உம் கிடைக்கவில்லை. ஊர் ஊராக ஏட்டுச் சுவடி தேடி அலைந்தவர், பழந்தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நினைத்திருந்தால் அந்த நடையிலேயே இரண்டு ஆசிரியப்பா எழுதி உள்ளே வைத்திருக்க முடியாதா? செய்யவில்லை. எண்களை மாற்றிப் போட்டு ஓட்டையை மறைக்கவும் இல்லை. இன்றைக்கும் புறநானூற்றைப் புரட்டினால் 266-க்கு அடுத்து 269-க்குப் போகிறோம், நடுவில் ஒரு வெறுமை. அந்த வெறுமை அங்கே இருப்பதால்தான் மற்றப் பாட்டுகளை நாம் நம்புகிறோம். சிதைந்த இடத்தில் புள்ளி வைத்தார்கள், பாட பேதம் இருந்தால் அடிக்குறிப்பில் கொடுத்தார்கள். படத்தைப் புதுப்பிப்பவருக்கும் எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழிமுறை இல்லை.

ஆகவே நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இது. காலம் செய்ததைத் துடைக்கலாம்: கீறல், தூசி, பூஞ்சை, மங்கிய சாயம், ஒட்டுகளில் வரும் குலுக்கல். எடுத்தவர்கள் செய்ததைத் தொடக் கூடாது, அவர்களுக்கு நேர்ந்ததையும் தொடக் கூடாது. ஃபோகஸ் கொஞ்சம் தப்பிப் பிடித்துக்கொள்வது, மைக் ஸ்டாண்டு குறுக்கே நிற்பது, பறந்துபோன டிரம்ஸ் குச்சி, காணாமல் போன சுருள், இவையெல்லாம் முகத்தில் இருக்கும் மரு மாதிரி. மருவை எடுத்துவிட்டால் ஆளை அடையாளம் தெரியாது.

எல்லை எப்போதும் இப்படித் தெளிவாக இருக்காது என்பதும் உண்மை. கேமரா ஓடும்போதே விழுந்த கீறல் இருக்கிறது, அது 1971-இலேயே நெகட்டிவில் பதிந்துவிட்டது, அன்றைக்குத் தியேட்டரில் பார்த்தவரும் அதைப் பார்த்தார். அதைத் துடைக்கலாமா? நான் துடைப்பேன். என் நண்பர் ஒருவர், ஃபிலிம் லேபில் இருபது வருடம் இருந்தவர், துடைக்கக் கூடாது என்பார். ஃபிலிமை ஒரு திரவத்தில் நனைத்தபடியே ஸ்கேன் செய்யும் முறை ஒன்று உண்டு. அந்தத் திரவத்தின் ஒளி வளைக்கும் தன்மை ஃபிலிமுடையதை ஒத்திருப்பதால், ஆழமில்லாத கீறலின் பள்ளத்தை நிரப்பிக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடும், படத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாது. இந்த வழியில் எங்களுக்குள் சமாதானம்.

நாகஸ்வரம் வாசிப்பவன் நான். பழைய வெளிநாட்டுக் கச்சேரிப் படங்களின் டிவிடியோடு சேர்ந்து வாசித்துப் பார்ப்பேன். அதே பாட்டு இசைத்தட்டில் ஒரு சுருதி, படத்தில் கொஞ்சம் ஏறி நிற்கிறது. என் காதில் கோளாறா?
*தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கலைஞர்*

உங்கள் காதுக்கு வணக்கம் ஐயா. கோளாறு டிவிடியில்.

ஃபிலிம் விநாடிக்கு 24 பிரேம் ஓடும். ‘பால்’ (PAL) என்ற முறைத் தொலைக்காட்சிக்கு விநாடிக்கு 25 வேண்டும், நம் தூர்தர்ஷனும் அந்த முறைதான். சுலபமான வழி என்று படத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். நாலு சதவீதத்துக்குச் சற்று மேலே வேகம் கூடும், 80 நிமிடப் படம் 77 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பேச்சுப் படத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். இசைப் படத்தில் சுருதி அரைச்சுரத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும், அதாவது ஹார்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அடுத்த கறுப்புக் கட்டைக்கும் நடுவே எங்கேயோ போய் நிற்கும். எந்த சுருதிப் பெட்டியோடும் சேராது. தாளமும் வேகம். சிலர் சுருதியை மட்டும் கணினியில் இறக்கிச் சரிக்கட்டுவார்கள், அப்போது ஒலி லேசாக நசுங்கும். அசலுக்கு உண்மையாக என்று சொல்லும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது படம் 24-இல் ஓடுகிறதா என்பதைத்தான். நிறம் சரி, கூர்மை சரி, ஆனால் பாட்டு மட்டும் தப்புச் சுருதி என்றால் அது இசைப் படமே இல்லை.

ஒலியில் இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். பாம்பெய் படத்தின் புது ஒலிக்கலவையை ஸ்டீவன் வில்சன் செய்தார், தியேட்டரில் சுற்றிலும் ஒலிக்கும் வகையில். நன்றாகவே செய்திருக்கிறார், அரங்கத்தின் காற்று வெளியை அவர் கெடுக்கவில்லை. ஆனாலும் ஒரு புதுக் கலவை என்பது புது உரை மாதிரி. உரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் மூலம் பக்கத்திலேயே அச்சாகியிருக்க வேண்டும். அன்றைக்குத் தியேட்டரில் ஒரே ஒலிபெருக்கியிலிருந்து எப்படிக் கேட்டதோ, அந்தத் தடத்தையும் சுத்தம் செய்து வட்டில் தனியாகக் கொடுத்துவிட்டால் என் போன்றவர்கள் வாயை மூடிக்கொள்வோம்.

புதுப்பித்த படம் என்கிறார்கள், திரையில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே?
*மதுரையிலிருந்து ஒரு வாசகர்*

அந்தப் புள்ளிகள்தான் படம். வெள்ளி உப்புத் துகள்களில் ஒளி பட்டு உருவானது ஃபிலிம் பிம்பம், துகளை எடுத்தால் பிம்பமும் கூடவே போகும். முகங்கள் மெழுகுப் பொம்மை மாதிரி வழவழப்பாகிவிடும், கம்பிகளின் மேல் விரல் நகரும்போது பின்னால் ஒரு கறை இழுத்துக்கொண்டு வரும்.

பீட்டில்ஸ் படம் ஒன்றை வைத்து இதை நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1969 ஜனவரியில் மைக்கேல் லிண்ட்சே-ஹாக் 16 மிமீ ஃபிலிமில் எடுத்து, தியேட்டருக்காக 35-க்குப் பெரிதாக்கி, 1970 மே மாதம் வெளியான படம் ‘லெட் இட் பி’. எண்பதுகளின் தொடக்கத்தில் வீடியோ கேசட்டில் வந்ததோடு சரி, பல பத்தாண்டு எங்கேயும் கிடைக்கவில்லை. அதே மூலக் காட்சிகளை வைத்து பீட்டர் ஜாக்சன் 2021-இல் எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான தொடர் ஒன்று செய்தார். அதில் எல்லாம் பளிச்சென்று இருக்கும், நேற்று எடுத்தது மாதிரி. பழைய படத்தை 2024 மே மாதம் அதே குழு புதுப்பித்தபோது, ஃபிலிமில் எடுத்த படம் ஃபிலிமாகவே தெரிய வேண்டும் என்று லிண்ட்சே-ஹாக் விரும்பினார், அப்படியே செய்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, இரண்டிலும் வரும் மொட்டைமாடிக் கச்சேரியை மட்டும் பாருங்கள். தொடரில் நாம் அங்கே இருக்கிறோம் என்று தோன்றும். பழைய படத்தில் அந்த நாள் போய்விட்டது என்று தோன்றும். எனக்குப் பழைய படம்தான் தொண்டையை அடைக்கிறது.

நம் சங்கீதத்தைப் பற்றிய படங்களுக்கு இந்தக் கவனிப்பு உண்டா?
*திருவையாற்றிலிருந்து ஒரு வாசகர்*

நம் நாட்டு இசை ஒன்று வெளிநாட்டுப் படத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. 1967 ஜூனில் கலிபோர்னியாவின் மான்டரேயில் நடந்த இசை விழாவை டி.ஏ. பென்னபேக்கர் படமாக்கினார். அதன் கடைசிப் பகுதி, ஏறக்குறைய 18 நிமிடம், சித்தார் வாசிக்கும் ரவிசங்கரும் தபலா வாசிக்கும் அல்லா ரக்காவும். தொடக்கத்தில் ரொம்ப நேரம் அவர்களையே காட்ட மாட்டார், கேட்டுக்கொண்டிருக்கும் ஜனங்களைத்தான் காட்டுவார். சித்தார் எங்கிருந்தோ கேட்கும். இன்றைய தொகுப்பாளர் கையில் கொடுத்தால் முதல் நிமிடத்திலேயே சித்தாருக்கு வெட்டிவிடுவார். 2017-இல் அதை 4கே-யில் புதுப்பித்தபோது அந்தக் காத்திருப்பை ஒரு விநாடிகூடக் குறைக்கவில்லை.

நம் பக்கத்தில் எனக்கு ஏக்கம் உள்ள படம் ‘பாலா’. 1976-இல் சத்யஜித் ராய் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி எடுத்தது, அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம், தமிழ்நாடு அரசும் பம்பாயின் தேசிய நிகழ்கலை மையமும் சேர்ந்து தயாரித்தது. கடற்கரையில் ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ ஆடுவார். காற்று புடவையை இழுத்துக்கொண்டே இருக்கும், அவர் அதோடு மல்லுக்கட்டாமல் அதையும் அபிநயத்துக்குள் வாங்கிக்கொண்டு ஆடுவார். இந்தப் படத்தை யாராவது நல்ல கையால் புதுப்பிக்கும் நாளில் அந்தக் காற்றை மட்டும் தொட்டுவிடக் கூடாதே என்று நான் இப்போதே கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவின் தவில் கச்சேரி, 1991-இல் ஒரு கல்யாணத்தில் எடுத்தது, விஎச்எஸ் கேசட்டில் இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. கேசட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. கடையில் கொடுத்தால் ‘ஏஐ போட்டுப் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறோம்’ என்கிறார்கள். கொடுக்கலாமா?
*மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர்*

கொடுப்பதற்கு முன் என் வீட்டுக் கதையைக் கேளுங்கள். என் பெரியம்மா பாடிய ஒரு நவராத்திரிக் கச்சேரி ஆடியோ கேசட்டில் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன், நகரத்தில் ஒரு கடையில் டிஜிட்டல் ஆக்கக் கொடுத்தேன். இரைச்சலை நீக்கிச் சுத்தமாகக் கொடுத்தார்கள், ஹெட்போனில் போட்டதும் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டு பாட்டு போன பிறகுதான் ஏதோ இடிக்கிறது என்று உறைத்தது. தம்புரா இல்லை. விடாமல் ஒரே மாதிரி ஒலிப்பதை எல்லாம் இரைச்சல் என்று எடுத்துக்கொள்வதுதான் அந்த மென்பொருளின் வேலை, தம்புரா விடாமல் ஒரே மாதிரிதானே ஒலிக்கும். பெரியம்மா அந்தரத்தில் பாடிக்கொண்டிருந்தார். திரும்ப ஓடினேன், அவர்கள் சுத்தம் செய்வதற்கு முந்தைய பிரதியை வைத்திருக்கவில்லை. கேசட்டையும் அதற்குள் வீட்டில் யாரோ ஒழித்துக்கட்டும்போது வெளியே போட்டிருந்தார்கள். இன்றுவரை அதை என்னால் முழுதாகக் கேட்க முடிவதில்லை.

அதனால் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: எதையும் நீக்காமல், எதையும் சேர்க்காமல், கேசட்டில் இருப்பதை இருக்கிறபடியே, முடிந்தவரை குறைவாகச் சுருக்கிய ஃபைலாக எனக்குக் கொடுப்பீர்களா? இரைச்சல், கோடு, குலுக்கல் எல்லாத்தோடும். அதுதான் உங்கள் நெகட்டிவ். இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டு வேறு வீட்டில் வையுங்கள், ஃபைல் பெயரில் வருடம், ஊர், யார் கல்யாணம், கூட நாகஸ்வரம் வாசித்தவர் யார் என்று இன்றைக்கு நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். அதற்கப்புறம் அந்த ஃபைலின் நகல் ஒன்றில் என்ன அழகு வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். படத்தை டிவி அகலத்துக்கு இழுக்கவோ மேலும் கீழும் வெட்டவோ விடாதீர்கள், வெட்டினால் முதலில் போவது தவிலின் கீழ்ப்பக்கமும் அப்பாவின் தலையும்தான். தவிலில் குச்சி விழும் அந்த முதல் வெடிப்பையும் இரைச்சல் நீக்கும் மென்பொருள் மழுக்கிவிடும், நகலைக் கேட்கும்போது காதை அங்கே வைத்துக் கேளுங்கள்.

நீங்கள் சொல்லும் வெள்ளைப் பூப்பு பூஞ்சையாகத்தான் இருக்க வேண்டும். மற்ற கேசட்டுகளிலிருந்து பிரித்து, ஈரமில்லாத இடத்தில், நிமிர்த்தி வையுங்கள். பூஞ்சை பிடித்த டேப்பைச் சுத்தம் செய்து பழகியவர் கையில்தான் அது போக வேண்டும், உள்ளே இருக்கும் டேப்பை எடுத்து வேறு கூட்டில் மாற்றிச் சுற்றவும் அவர்களுக்குத் தெரியும். கேசட்டைப் போட்டுப் பார்க்க வீட்டில் பழைய விசிஆர் இன்னும் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். பூஞ்சையோடு ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி டேப்பையே கிழித்துவிடும், ஒரு தடவை போதும். எனக்குத் தெரிந்து இந்த வேலையைப் பொறுமையாகச் செய்யும் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்டுவிட்டு உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதுகிறேன்.